வீடு என்ற பொத்தான்

செழியா,

வருகிற புதன்கிழமை நீயும் தேன்மொழியும் மதுரை வீட்டைக் காலி செய்துகொண்டு கோயம்புத்தூருக்குப் போகிறீர்கள். நேற்று அப்பாவிடம் போனில் பேசும்போது, "அந்த ஜிபிஎஸ்ஸ எடுத்து வைக்கச் சொல்லுங்கப்பா, ஞாயித்துக்கெழமை வந்து வாங்கிக்கிறேன்" என்று சொன்னாயாம். எடுத்து வைத்துவிட்டேன். கருவி, வயர், கண்ணாடியில் ஒட்டும் தாங்கி எல்லாவற்றையும் வாங்கிய அட்டைப்பெட்டியிலேயே போட்டு, மேலே இந்தக் கடிதத்தை வைத்திருக்கிறேன். கருவியை ஆன் செய்வதற்கு முன் இதைப் படித்துவிடு. இருபத்திரண்டு வருடமாகக் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள் நான். அளந்து பார்க்காத எதையும் எழுதிப் பழக்கமில்லை. இப்போது எழுதப்போவதை அளக்கக் கருவி கிடையாது. பேசிச் சொல்லலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை முயன்றேன். நீ வந்தாய், சாப்பிட்டாய், போனாய். நான் குழம்பில் உப்பு போதுமா என்று மட்டும் கேட்டேன்.

இந்தக் கருவியை ஏன் வாங்கினோம் என்பது உனக்கு நினைவிருக்கும். புதுவயலில் இருக்கும் நம் அரிசி மில்லிலிருந்து ஒரு கல்யாண வீட்டுக்குப் பதினைந்து மூட்டை அரிசி போக வேண்டியிருந்தது. வேன் ஓட்டும் ராசு, ஊர்ப் பெயரைக் கேட்டுக்கொண்டு அங்கிருந்து கிளம்பி, அதே பெயரில் வேறு பக்கம் இருந்த இன்னொரு ஊருக்குப் போய், கல்யாண வீடு எங்கே என்று தெருத் தெருவாக விசாரித்துக்கொண்டிருந்தான். இங்கே பெண் வீட்டார் அப்பாவுக்குப் போன்மேல் போன். சாயங்காலம் திரும்பி வந்து நின்றவன், "பேரு சரியாத்தாண்ணே இருந்துச்சு. ஊருதான் வேற" என்றான். அப்பா திட்டவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் நின்றார். அன்றைக்குச் சாப்பிடும்போதுதான் பேச்சு வந்தது. உன் கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தது. மதுரையில் வீடு பார்த்து முன்பணமும் கொடுத்திருந்தாய்.

"எதுக்கும்மா தனியா ஒரு மெஷினு? போன்லயே எல்லாம் இருக்கே" என்றாய் நீ. நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ராசுவின் போனில் பொத்தான் மட்டும்தான் இருக்கிறது, படம் தெரியாது. உன் அப்பாவுக்கு நடுவழியில் அழைப்பு வந்தால், வழியை விட்டுவிட்டு நெல் விலை பேசுவார். மலையடிவாரத்து ஊர்களில் சிக்னல் நின்று நின்று வரும். எல்லாம் சரியான காரணங்கள்தான். அப்பாவும் ஒப்புக்கொண்டார். "அப்பன்னா மூணு வாங்கிருவோம். வேனுக்கு ஒண்ணு, நம்ம காருக்கு ஒண்ணு, தம்பி வண்டிக்கு ஒண்ணு."

"மூணு வண்டியும் ஒரே நாள்ல வெளியூர் போகுதா? ஒண்ணு போதும். யாருக்கு வேணுமோ அவுக வந்து எடுத்துட்டுப் போயி, முடிஞ்சதும் கொண்டாந்து குடுக்கட்டும்" என்றேன்.

நீங்கள் இரண்டு பேரும் அதைச் சிக்கனம் என்று எடுத்துக்கொண்டீர்கள். என் முதல் குற்றம் அதுதான். மதுரையில் இருக்கப்போகிற நீ, வெளியூர் போக வேண்டுமானால் காரைக்குடிக்கு வந்துதான் அதை எடுக்க வேண்டும், காரைக்குடிக்கு வந்துதான் திருப்பித் தர வேண்டும். ஒரு பொருளுக்கு இரண்டு வருகை. சோற்றைப் பிசைந்துகொண்டே அந்தக் கணக்கைப் போட்டுவிட்டேன். போட்டேன் என்று எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை.

மதுரைக் கடையில் நான் கேட்ட கேள்விகளை நீ இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாய். திரை வெயிலில் தெரியுமா என்று பார்க்கக் கருவியை நடுப்பகலில் தெருவுக்கு எடுத்துப் போனேன். வரைபடம் உள்ளேயே இருக்குமா, நெட் இல்லாமல் ஓடுமா, புது ரோடு போட்டால் இலவசமாகச் சேர்த்துத் தருவார்களா, எத்தனை வருடத்துக்கு? காருக்கும் வேனுக்கும் தனித்தனியாக அமைத்து வைக்க முடியுமா, வேன் நுழையாத சந்துக்குள் வேனை அனுப்புமா? நாளைக்கு அப்பா லாரி வாங்கினால் லாரியின் இருபத்துநான்கு வோல்ட்டைத் தாங்குமா? நீ பெரிய திரையைக் கையில் வைத்திருந்தாய். "ரோட்ட மறைக்கும்" என்று சொல்லி ஐந்து அங்குலத்தை எடுக்க வைத்தேன். கருவி ஒன்று, தாங்கி மட்டும் மூன்று. கடைக்காரர் பில் போட்டுக்கொண்டே, "எனக்கே பரீட்ச எழுதுன மாதிரி இருக்கு மேடம்" என்றார். பிறகு ஒரு சின்னச் சாமானைக் காட்டினார். காரில் சார்ஜ் போட இருக்கிற ஒரே ஓட்டையை இரண்டாக்கித் தருகிற சொருகி. ஒன்றில் ஜிபிஎஸ், இன்னொன்றில் போன். "தேவையில்லை" என்று தள்ளிவிட்டேன். அதை நினைவில் வைத்துக்கொள்.

வீட்டுக்கு வந்ததும் "வீடு" என்ற பொத்தானில் நம் காரைக்குடி முகவரியை நான்தான் பதித்தேன். எங்கிருந்தாலும் அந்த ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், வாசலில் கொண்டுவந்து விட்டுவிடும். அந்த இடத்தில் ஒரே ஒரு முகவரிதான் இருக்க முடியும். கடையில் அவ்வளவு கேள்வி கேட்டவள் அதை மட்டும் கேட்கவில்லை.

கருவி வந்த பிறகு எனக்கு முதலில் பொறாமை வந்தது வழி சொல்லும் அதன் குரல் மேல். சிரிக்காதே. கல்யாணமான நாளிலிருந்து அப்பா ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வேன். நீ கைக்குழந்தையாக என் மடியில் இருந்தபோதும் அப்படித்தான். கொஞ்சம் வளர்ந்ததும் பின்சீட்டிலிருந்து தலையை நீட்டி, முச்சந்தி வருவதற்கு முன்பே "அம்மா, இங்குட்டா அங்குட்டா?" என்று கேட்பாய். நான் சொல்லும் பக்கம் கார் திரும்பினால் கைதட்டுவாய். அப்பா பாதி நேரம் நான் சொன்னதற்கு மாறாகத் திருப்புவார், நாங்கள் சண்டை போட்டுக்கொண்டே ஊர் போய்ச் சேருவோம். அப்படிப்பட்டவர், "இருநூறு மீட்டரில் இடப்புறம் திரும்பவும்" என்று அது சொன்னதும் "சரிங்க" என்று திரும்பினார். எனக்கு ஒரு நாளும் அந்த "சரிங்க" கிடைத்ததில்லை. "நான் சொன்னா மட்டும் காதுல ஏறாதோ?" என்றேன். "அது தப்பாச் சொன்னாலும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிறதில்லையே, டீச்சர்" என்றார்.

கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் கோயிலுக்குக் கிளம்பினோம். நீ ஓட்டினாய். தேன்மொழி முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "அத்தை, நீங்க முன்னால இருங்க" என்றாள். "இல்லம்மா, எனக்குப் பின்னாலதான் வசதி" என்றேன். நானே விட்டுக்கொடுத்த இடம். போகும் வழியெல்லாம் அந்த இடத்தில் அவள் உட்கார்ந்திருப்பதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு முச்சந்தியில் கருவியின் குரல் ஒரு பக்கம் சொல்ல, நீ தயங்கி அவள் பக்கம் திரும்பி, "எங்குட்டுப்பா?" என்று கேட்டாய். அவள் இந்தப் பக்கத்து ரோட்டைப் பார்த்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. பிறந்து வளர்ந்தது அம்பாசமுத்திரம். அவளுக்கு என்ன தெரியும்? உனக்குப் பதில் முக்கியமில்லை, அவளைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். எனக்குப் புரிந்தது. புரிந்ததால் பொறாமை குறையவில்லை.

இது புதிதாக வந்த குணம் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒன்பதாம் வகுப்பில் கணக்கு டியூஷனுக்குப் போய்க்கொண்டிருந்தாய். சாயங்காலம் வந்ததும் அந்த டீச்சர் வீட்டில் என்ன பலகாரம் கொடுத்தார்கள், அவர் என்ன சொல்லிச் சிரிக்க வைத்தார் என்று வாய் ஓயாமல் சொல்வாய். ஒரு நாள், "டீச்சருக்குக் கோவமே வராதும்மா" என்றாய். அந்த மாதத்தோடு டியூஷனை நிறுத்தினேன். "மார்க் ஏறல, நானே சொல்லித்தாரேன்" என்று அப்பாவிடம் சொன்னேன். உன் மார்க் ஏறிக்கொண்டுதான் இருந்தது. நீ இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு மறந்துவிட்டாய். நான் மறக்கவில்லை. ஆனாலும் திருந்தவில்லை.

ஜிபிஎஸ் கணக்கு ஆரம்பத்தில் நான் போட்டபடியே பலித்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை வந்தாய். நீ எடுத்துப் போன நாட்களில் நம் கார்க் கண்ணாடியில் வெறும் தாங்கி நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்தால், வரப்போகிறாய் என்று இருக்கும். அப்படி நீ திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன ஒரு வாரம், நானும் அப்பாவும் சாக்கோட்டையில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்பினோம். கண்ணைக் கட்டி விட்டாலும் வந்து சேர்ந்துவிடுகிற தூரம். அப்பா விளையாட்டுக்கு "வீடு" பொத்தானை அமுக்கினார். தொண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் காட்டியது. முகவரியைப் பார்த்தேன். உன் மதுரை வீடு.

"பாத்தியா, மெஷினுக்கே தெரிஞ்சுபோச்சு, நம்ம வீடு பழைய வீடுன்னு" என்று அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மாற்றியது தேன்மொழிதான் என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். சான்று எதுவும் என்னிடம் இல்லை. மாணவி ஒருத்தி இப்படி முடிவு எழுதிக்கொண்டு வந்திருந்தால் நோட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். வீட்டுக்கு வந்து, அப்பா சட்டை மாற்றப் போன நேரத்தில், மதுரை முகவரியை அழித்துவிட்டுக் காரைக்குடியைப் பதித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த முறை கருவி திரும்பி வந்தபோது மறுபடி மதுரை. மறுபடி அழித்தேன். இப்படி நான்கு முறை. உன் வீட்டுக் கதவிலக்கம், மாடி, தெரு எல்லாம் எனக்கு மனப்பாடமாகிவிட்டன. வேறு எந்தக் காரணத்துக்காகவும் நான் அவற்றைப் படித்ததில்லை. ஒவ்வொரு முறையும் அவளோடு ஒரு சண்டையில் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். எதிரில் வந்தால், "வாம்மா, நல்லாருக்கியா?" என்பேன். அவளும் சிரித்துக்கொண்டு, "நல்லாருக்கேன் அத்தை" என்பாள்.

அந்த மழை நாளுக்கு வருகிறேன். நீ வேலையாகச் சென்னைக்குப் போயிருந்தாய். தேன்மொழி அலுவலக வேலையாகக் காரை எடுத்துக்கொண்டு சிங்கம்புணரிக்குப் போயிருந்தாள். அவளுடைய அம்மா முதல்முறையாக உங்கள் வீட்டைப் பார்க்க, மூட்டு வலியோடு அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ் பிடித்து வந்துகொண்டிருந்தார். ஐந்து மணிக்கு வேலை முடித்த தேன்மொழி, "வீடு" பொத்தானை அமுக்கிவிட்டுக் கிளம்பியிருக்கிறாள். சிங்கம்புணரியிலிருந்து மதுரைக்கும் காரைக்குடிக்கும் தூரத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. திரையில் தெரிந்த எண்ணில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. மழை மூட்டத்தில் சூரியன் எந்தப் பக்கம் என்றும் தெரியவில்லை. திருப்பத்தூரில் காரைக்குடி என்ற பலகையைப் பார்த்து, மழையால் வேறு ரோட்டில் சுற்றி விடுகிறது போலிருக்கிறது என்று நினைத்தாளாம். போனைப் பார்க்கலாம் என்றால், காரில் இருந்த ஒரே ஓட்டையில் ஜிபிஎஸ் வயர். போன் சார்ஜ் இல்லாமல் அணைந்திருந்தது. கடையில் நான் தள்ளிவிட்ட சொருகி நினைவிருக்கிறதா?

ஏழு மணி இருக்கும். வாசலில் கார் நின்றது. அப்பா, "வாங்கம்மா, வாங்க! இந்த மழையில தனியாவா வாரீக?" என்று குடையோடு ஓடினார். அவள் உள்ளே வந்து ஈரத் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்தாள். "வழி தப்பிட்டு அத்தை. அம்மா அங்க வந்திருப்பா" என்றாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து வீட்டுப் போனுக்கு நீ கூப்பிட்டாய். அவளுடைய அம்மா பூட்டிய கதவுக்கு முன்னால், மாடிப்படியில், பைகளோடு உட்கார்ந்து மகள் போனுக்கு அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் உன்னிடம் அழுதிருக்கிறார். ஊர் தாண்டி இருந்து நீ பயந்துபோயிருந்தாய். பயந்தால் உனக்குக் கோபம்தான் வரும், உன் அப்பாவைப் போல. அவள் அந்தப் பொத்தானை நம்பி இங்கே வந்துவிட்டதைச் சொல்லிவிட்டு அப்பா ஸ்பீக்கரில் போட்டார். "ஒரு பொத்தானப் பாத்து அமுக்கத் தெரியாதா உனக்கு? போன தடவ நான்தான மதுரை அட்ரஸப் போட்டு வச்சேன்! ஒவ்வொரு தடவையும் நான்தான் போடுறேன், அதுவா மாறிருது, மெஷின சர்வீஸுக்குக் குடுக்கணும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். நீதான் நோண்டிக்கிட்டே இருந்தியா?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பதித்தது நீ. நான்கு முறையும் நீ. உன் வீடு எது என்று நீயே, உன் விரலாலேயே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாய். நான் சண்டை போட்டது உன்னோடு.

தேன்மொழி என் கையிலிருந்த காபித் தம்ளரைப் பார்த்துக்கொண்டே, "ஆமா, நான்தான் எதையோ மாத்தி அமுக்கிட்டேன் போல" என்றாள். கருவி எப்போதெல்லாம் மாறுகிறது, யார் வீட்டிலிருந்து வந்த பிறகு மாறுகிறது என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "இல்லப்பா, நான்தான்" என்ற இரண்டு சொல் போதும். காபி ஆறுகிறது, குடிம்மா என்றேன்.

போனுக்குக் கொஞ்சம் சார்ஜ் ஏறியதும் அம்மாவோடு பேசினாள். பக்கத்து வீட்டில் அவரை உட்கார வைத்திருந்தார்கள். அப்பா தானே காரை ஓட்டிக் கொண்டுபோய் விட்டுவிட்டுக் காலைப் பஸ்ஸில் வருவதாகச் சொல்லிச் சட்டையை மாட்டினார். கிளம்பும்போது அவள் கருவியைக் கழற்றிக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். "அத்தை, மதுரை வீட்ட நீங்களே போட்டுத் தாங்க. எனக்குச் சரியா வரலை." நான் வாங்கி, கதவிலக்கத்திலிருந்து பின்கோடு வரை, ஒரு எழுத்துகூட அவளிடம் கேட்காமல் பதித்தேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பதித்து முடித்த பிறகுதான் என் மனப்பாடம் என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது என்று உறைத்தது. "தேங்க்ஸ் அத்தை. வாரேன்" என்று சொல்லிப் போய்விட்டாள். அன்றைக்கு அவள் மேல் எனக்கு வந்த பொறாமை, அதற்கு முன் வந்ததையெல்லாம் விடப் பெரியது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால், உன் முன்னாலேயே கேட்டிருப்பேன்.

இத்தனையும் நடந்து ஏழு மாதம். இதை என்னோடு வைத்துக்கொண்டே இருந்திருப்பேன். போன மாதம் காதுகுத்து வீட்டில், பந்தியில், உறவுக்காரர்கள் அத்தனை பேர் நடுவில் நீ சொன்னாய்: "எங்க வீட்டம்மாகிட்ட சாவியக் குடுத்துறாதீக. மதுரைக்குப் போகச் சொன்னா காரைக்குடிக்குப் போயி நிப்பாக." எல்லோரும் சிரித்தார்கள். உன் சித்தப்பா, "மாமியா வீட்டு மேல அம்புட்டுப் பிரியம்டா!" என்றார். இன்னும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், இலையைப் பார்த்துக்கொண்டு. கிளம்பும்போது நான் கவனித்தேன். சாவியை நீ அவளிடம் நீட்டவில்லை, அவளும் கேட்கவில்லை. அப்பாவிடம் கேட்டேன். மழை நாளுக்குப் பிறகு அவள் வெளியூருக்குத் தனியாகக் காரை எடுப்பதே இல்லையாம், பஸ்ஸில்தான் போகிறாளாம். "எதுக்கு வம்புன்னு பயப்படுது புள்ள" என்றார். கோயம்புத்தூரில் அவளுக்கு அந்த ஊரும் புதிது, ரோடும் புதிது. நன்றாக ஓட்டுகிறவள், என்னால் ஓரத்தில் உட்காரப் பார்க்கிறாள். நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே இல்லை. வழி சொன்னால் போதும் என்று இருந்துவிட்டேன். பக்கத்து இருக்கையிலேயே இருந்துவிட்ட ஒருத்தி உனக்குப் போதாதா?

அதனால் எழுதுகிறேன். மாற்றியது நான். அவள் ஒரு முறைகூடத் தொடவில்லை. இதைப் படித்ததும் எனக்குப் போன் செய்யாதே. என்ன கேட்டாலும் நான் காரணம் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். அவளிடம் போய்ப் பேசு. காதுகுத்து வீட்டில் சிரித்தவர்களிடம் யார் வழியை மாற்றியது என்று சொல்லவேண்டியது என் வேலை. சித்தப்பாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். அவர், "நீங்களா மதினி?" என்றார். இரண்டே நாளில் மற்றவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார், நான் மெனக்கெட வேண்டியதில்லை. இந்தக் கடிதத்தை அவளும் படிக்கட்டும்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரும்போது, முன்சீட்டில் அவளைப் பார்த்ததும் மறுபடி ஒன்று குத்தும். அது என்னோடு இருக்கட்டும். ஐம்பதை நெருங்கும்போது சில குணங்களைத் திருத்த முடியாது, கையைக் கட்டி வைக்கத்தான் முடியும்.

பெட்டியில் இரட்டைச் சொருகி ஒன்று இருக்கிறது. புதிதாக வாங்கினேன். ஒன்றில் ஜிபிஎஸ், ஒன்றில் அவள் போன். கருவியை இனித் திருப்பித் தர வேண்டாம். ராசுவுக்குப் படம் தெரிகிற போன் ஒன்றை அப்பா வாங்கிக் கொடுத்துவிட்டார். எங்களுக்கு இந்தப் பக்கத்து ரோடெல்லாம் தெரியும், சண்டை போட்டுக்கொண்டே போய்க்கொள்வோம். "வீடு" பொத்தானில் இப்போது எதுவும் இல்லை. மதுரையை அழித்தேன், இந்த முறை சொல்லிவிட்டு. கோயம்புத்தூர் முகவரியை நீ போடாதே, அவள் போடட்டும். நம் காரைக்குடி வீட்டை அதில் எங்கேயும் சேமிக்கவில்லை. ஒரு முறை அவளை அவளுக்குத் தெரியாமல் இந்த வாசலுக்கு வரவழைத்துவிட்டேன். இனி வந்தால், முகவரியை அவளே பதித்து, அவளே ஓட்டி வரட்டும்.

அம்மா